ஒன்பதாவது கம்பி

"வேண்டாம் டாக்டர். அந்த இடத்துல கை வைக்காதீங்க."

கையெழுத்துப் போட வேண்டிய தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தார் நோயாளியின் கணவர்.

பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் பெண்ணுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்து நாளாக அவர் மனைவி மண்டைக்குள் பன்னிரண்டு மெல்லிய கம்பிகளோடு படுத்துக் கிடக்கிறாள். நாலு வகை மாத்திரைக்கும் மசியாத வலிப்பு. அடுப்பில் சாய்ந்து வெந்த தழும்பு முழங்கையில். மாடிப்படியில் உருண்டதில் முன்பல் ஒன்று காணோம். நூலக வேலையும் போயாயிற்று. வலிப்பு கிளம்பும் இடத்தைக் கம்பிகள் கண்டுபிடித்துக் கொடுத்தால், லேசரால் அதை மட்டும் பொசுக்கிவிடலாம் என்கிறார் டாக்டர். அவளோ, 'அவர் சரின்னா சரி' என்று சொல்லிவிட்டாள்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர், வீட்டுப் பழுதைப் பார்க்க வேண்டாம் என்கிறார்.

வராந்தாவில் அவரை நிறுத்தி டெக்னீஷியன் கேட்டே விட்டாள். விழுந்து அடிபடுவது நீங்களாக இருந்தால் இப்படிச் சொல்வீர்களா என்று.

அவருக்குக் கோபம் வரவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார். ஒரே மகளாம். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாளாம். பதினோரு வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து, ஒவ்வொரு வலிப்புக்கு முன்னாலும் மனைவிக்கு மகளின் குரல் கேட்குமாம். தெளிந்ததும் முதல் வேலையாக, குழந்தை என்ன சொன்னாள் என்று இவரிடம் சொல்வாளாம்.

"டாக்டர் பொசுக்கப்போறது அந்தக் குரல் வர்ற இடத்தைத்தானேம்மா? பெத்தவளுக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துடுங்கன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"



மறுநாள் காலையில், முன்பே ஒத்துக்கொண்டிருந்த சோதனைக்காக, கம்பி கம்பியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார்கள். டார்ச் பல்பு எரியக்கூடப் போதாத கரண்ட். ஒரு கம்பியில் கட்டை விரல் தானாகத் துள்ளியது. இன்னொன்றில், பேனாவைக் காட்டினால் அவளுக்குத் தெரிகிறது, பெயர் மட்டும் வாயில் வரவில்லை. கரண்டை நிறுத்தியதும் 'பேனா' என்று சொல்லி அவளே சிரித்தாள்.

டெக்னீஷியன் இதை எத்தனையோ பேருக்குப் பார்த்தவள்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மூச்சு நின்று வரும். ஒரு மனுஷியின் சிரிப்பு, சொல், ஞாபகம் எல்லாம் இந்தக் கையளவு சதைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறதே என்று.

ஒன்பதாவது கம்பிக்கு வந்தார்கள். திரையில் கோடுகள் எகிறின. மனைவி சட்டென்று கண்களை மூடிக்கொண்டாள்.

"வழக்கமா வர்றதேதானா?" என்றார் டாக்டர்.

"அதேதான் டாக்டர்."

டெக்னீஷியனுக்கு உடம்பு சிலிர்த்தது. பதினோரு வருஷத்துக்கு முன் போன குழந்தையை, தான் தட்டிய ஒரு பொத்தான் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டது.

மதியம் கணவர் வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கும் நம்ம பொண்ணு வந்தா. 'நேரமாச்சும்மா, நான் கிளம்பறேன். அப்பாவை அழக் கூடாதுன்னு சொல்லு'ன்னா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாளைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே ஒரு லேசர் இழை. பட்டாணி அளவு இடம் வெந்து அடங்கியது. மூன்றாம் நாள் அவள் தன் காலால் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார்கள். இடையில் ஒரு வலிப்புகூட இல்லை. நூலகத்திலும் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

டெக்னீஷியன் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பொண்ணு குரல் கேக்காம உங்களுக்குக் கஷ்டமா இல்லையாக்கா?"

அவள் ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"அவ போன புதுசுல இவர் பச்சைத் தண்ணிகூடத் தொடாம சுருண்டு கிடந்தார்மா. ஒரு நாள் வலிப்பு தெளிஞ்சு எழுந்ததும், 'அவ வந்தா, அப்பாவைச் சாப்பிடச் சொன்னா'ன்னேன். எழுந்து வந்து சாப்பிட்டார். அப்புறம் ஒவ்வொரு தடவையும், 'இன்னிக்கு என்ன சொன்னா'ன்னு பக்கத்துலயே காத்துக்கிட்டிருப்பார்."

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"எனக்குக் கேட்டதெல்லாம், குழாயில தண்ணி வர்ற மாதிரி ஒரு இரைச்சல்தான்."