யானைக்குப் பூசிய நிழல்

ஒரு ஓவியப் பலகையில் மைப்பேனாவும் பென்சிலும் சேர்ந்து வேலை செய்துவந்தன. ஒருநாள் பேனா ஒரு யானையை வரைந்து முடித்தது. வெறும் கோடாக இருந்த யானை காகிதத்தில் தட்டையாகக் கிடந்தது.

"என்னால எழுந்திரிக்க முடியலையே," என்று அழுதது.

பென்சிலுக்கு மனசு கேட்கவில்லை. யானையின் வயிற்றுக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் தன்னைத் தேய்த்துத் தேய்த்து நிழல் பூசியது. யானை உருண்டு திரண்டு எழுந்து நின்றது. பென்சில் நகத்தளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. ஆனாலும் அதற்கு அப்படியொரு பூரிப்பு.

யானை தன்னைக் குனிந்து பார்த்தது. "உங்க கோடு எவ்வளவு அழகு, பேனா அண்ணே! அதுமேல இந்த அழுக்கை யாரு பூசினது?"

"வேற யாரு? இந்தப் பென்சில்தான்," என்றது பேனா.

யானை உடனே ரப்பரைக் கூப்பிட்டது.

"வேண்டாம்! அதுதான் உன்னை நிக்க வெச்சிருக்கு," என்று பென்சில் கத்தியது. யாரும் காதில் வாங்கவில்லை. ரப்பர் நிழலையெல்லாம் அழித்தது. யானை பொத்தென்று விழுந்தது.

மறுபடி பூசிவிடலாம் என்று பென்சில் புரண்டு புரண்டு பார்த்தது. தேய்வதற்கு அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"எல்லாம் இந்தப் பென்சில் கைவெச்சதால வந்தது," என்றது பேனா.

"ஆமாண்ணே," என்றது யானை.