இரைச்சல்

"உங்கம்மா தொண்டை வத்த வத்தக் கூப்பிட்டிருக்காங்க. பக்கத்து ரூம்லதானே இருக்கீங்க? ஒரு எட்டு வந்து பார்த்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

மருந்துக்கடை வேலை முடிந்து வந்த மருமகள், தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கவில்லை. மாமியாரை எட்டிப் பார்த்த கையோடு கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"காதுல விழலைடி" என்றான் அவன். "இந்த இரைச்சலைக் கேளு. இதுல யார் கூப்பிட்டுத்தான் என்ன கேக்கப்போகுது?"

அதுவும் நிஜம்தான். கட்டப்போகிற கட்டடங்களுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். அதற்காகப் புதிதாக வாங்கிப் போட்டிருந்த கிராபிக்ஸ் கார்டைக் குளிரவைக்கும் ஃபேன்கள், காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை மாவு மில் மாதிரி இரைந்துகொண்டே இருந்தன.

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்ததிலிருந்து, எழுந்து உட்காரக்கூட அவளுக்கு இன்னொருவர் கை வேண்டும்.

"அவனை ஏம்மா கரிச்சுக் கொட்டுற? அந்த மெஷின் சத்தத்துல பாவம், அவனுக்கு என்ன கேக்கும்?"

மருமகளுக்கு எரிச்சலாக வந்தது. பகலெல்லாம் காய்ந்த வாயோடு கிடப்பதும் இவள்தான், மகனுக்குப் பரிந்துகொண்டு வருவதும் இவள்தான்.

"அப்ப அந்த ஃபேனைச் சரி பண்ணித் தொலைங்க."

"கழட்டினா வாரண்டி போயிடும். ஒரு ஸ்க்ரூவைத் திருகினாக்கூட கம்பெனிக்காரன் கையை விரிச்சிடுவான். என் பொழைப்பே இதுலதான் ஓடுது, தெரியுமில்ல?"

வாரண்டி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் என்ன பேசுவது?  ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள், கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரைப் பார்க்க வந்த மெக்கானிக்கிடம் பேச்சுவாக்கில் கேட்டுவைத்தாள்.

அவன் சிரித்தான். "திறக்கவே வேண்டாம்க்கா. சாஃப்ட்வேர்லயே ஃபேன் வேகத்தைக் குறைச்சிடலாம். வாரண்டிக்கு ஒரு பங்கமும் வராது."

சாயங்காலம் அவனைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். கணவன் முகம் சுருங்கியது.

"இவர் கைவச்சு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"ஸ்க்ரூ டிரைவரையே வெளியில எடுக்கலை சார்" என்றபடி மெக்கானிக் மவுஸைப் பிடித்தான். திரையில் ஃபேன் வேகத்தைக் காட்டும் ஒரு கோடு வந்தது. "சூடு ஏறினா வேகமாச் சுத்தணும், இறங்கினா மெதுவாச் சுத்தணும். அதுக்காக ஒரேயடியாக் குறைச்சாலும் கார்டு கொதிச்சுப் போயிடும். அளவா வச்சா..."

பேச்சை நிறுத்தித் திரையை உற்றுப் பார்த்தான்.

"கார்டுல அவ்வளவு சூடே இல்லையே சார். ஃபேனை ஏன் ஃபுல்லுல வச்சிருக்கீங்க? யாரோ கையாலதான் ஏத்தி விட்டிருக்காங்க."

"வாங்கினப்பவே அப்படித்தான் இருந்துச்சு."

"கடையில அப்படிக் குடுக்க மாட்டாங்களே..."

"சரி சரி, வந்த வேலையைப் பாருங்க."

புதுப் பொருள் சூடாகிவிடக் கூடாதே என்று பயந்து இவனே ஏற்றி வைத்திருப்பான், சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறான் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். கார்டு வந்த அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப்போட விடாதவனாயிற்றே.

மெக்கானிக் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தான். இரைச்சல் தேய்ந்து தேய்ந்து, இருக்கிற இடம் தெரியாமல் போனது.

"அத்தை, இனிமே நீங்க முனகினாலே உங்க பிள்ளைக்குக் கேட்டுடும்!" என்று மருமகள் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

மாமியார் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மாமியார் இருமிய சத்தம் கேட்டதும், கணவனே பாதித் தட்டில் எழுந்துபோய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தான். மருமகளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. பாவம், ஒரு ஃபேன் செய்த கூத்துக்கு மனுஷனை என்னவெல்லாம் பேசிவிட்டோம்!

சில நாள் கழித்து, கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று மத்தியானமே அவளை அனுப்பிவிட்டார்கள்.

செருப்பைக் கழற்றும்போதே மாமியாரின் குரல் வாசல்வரை கேட்டது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது.

"தம்பி... ஒரு கை பிடிச்சு உட்கார வச்சிட்டுப் போப்பா... எல்லாம் ஈரமாயிடுச்சுப்பா..."

கணவனின் அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. அவன் முதுகு தெரிந்தது. குரல் வந்ததும் மவுஸில் இருந்த கை ஒரு கணம் நின்றது.

பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தது.

மருமகள் பையை அப்படியே போட்டாள். ஓடிப்போய் மாமியாரைத் தூக்கி உட்காரவைத்தாள். விரிப்பு சொதசொதவென்று நனைந்து, ஆறிச் சில்லிட்டுக் கிடந்தது. அதை உருவி எடுத்து மூலையில் எறிந்தாள்.

"இருங்கத்தை. இன்னைக்கு அவரை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!"

போகத் திரும்பியவளின் கையை மாமியார் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட ஒண்ணும் கேக்காதம்மா. எனக்கு ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணு. அந்த மெக்கானிக்கை வரச்சொல்லி, ஃபேனைப் பழையபடியே வைக்கச் சொல்லிடு."

"என்ன அத்தை பேசறீங்க? அந்த இரைச்சலைச் சாக்கு வச்சுத்தானே இத்தனை நாளும் உங்களை ஏமாத்தியிருக்கார்?"

மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இரைச்சல் இருந்தா, எம்பிள்ளைக்குக் காதுல விழலைன்னாவது நெனச்சுக்கிட்டுக் கிடப்பேனேம்மா."