நடுவில் இரண்டு எழுத்து

ஷைனி தண்ணீரை ஊற்றினாள். அவள் அப்பா எட்வர்ட் தேங்காய் நாரால் தேய்த்தார்.

கல்லில் முதலில் தெரிந்த பெயர் ‘ஞானமுத்து’.

கவரைப்பேட்டைக் கல்லறைத் தோட்டத்தில் காலை ஏழு மணியிலிருந்து இதுதான் வேலை. இதுவரை இருபத்து மூன்று கல் கழுவியாகிவிட்டது. சாம்சன் கைப்பம்பில் அடித்து அடித்துத் தண்ணீர் கொண்டுவந்தான். ஷைனியின் பக்கத்தில் வராமல், மூன்று கல்லறை தள்ளியே வாளியை வைத்துவிட்டுப் போனான்.

இருவருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பெனியில் வேலை. மூன்று வருடக் காதல்.

போன மாதம் சாம்சனின் அம்மா ஹெலன் பூவும் பழமுமாகப் பெண் கேட்டு வந்தார். பேச்சுவாக்கில், காலமான தன் வீட்டுக்காரரின் அப்பா வழித் தாத்தா பெயர் ஞானமுத்து என்றார். சொந்த ஊர் கவரைப்பேட்டை.

எட்வர்ட் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தார்.

நாலு வயதில் அவரை யாரோ பொன்னேரி விடுதியில் சேர்த்துவிட்டுப் போனார்கள். அப்பா பெயர் யாக்கோபு, கவரைப்பேட்டை ஞானமுத்து வீட்டு ஆள். விடுதியில் எழுதி வைத்திருந்தது அவ்வளவுதான். அம்மா பெயர்கூட இல்லை.

யாக்கோபு ஞானமுத்துவின் மகன் என்றால், எட்வர்டும் சாம்சனின் அப்பாவும் பங்காளிகள். சாம்சனும் ஷைனியும் அண்ணன் தங்கை.

கல்யாணப் பேச்சு அன்றைக்கே நின்றது.

“கல்லுல இன்னா எழுதிக்கீதுன்னு பாத்துட்டு அப்பால பேசலாம்ப்பா” என்று இழுத்து வந்தவள் ஷைனிதான்.

இப்போது இரண்டாவது வரி தெரியத் தொடங்கியது. கடைசியில் ‘யாக்கோபு’. அதற்கு முன்னால் கெட்டியாகப் பாசி. வரியின் தொடக்கத்தில் ஓர் எழுத்து மட்டும் வெளியே வந்தது.

‘ம’.

எட்வர்ட் நாரைக் கீழே போட்டார்.

“மகன். அவ்ளோதாம்மா. எழுந்துரு, ஊட்டுக்குப் போலாம்.”

அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. சாம்சனை அவருக்கும் பிடித்திருந்தது.

சாம்சன் வாளியோடு அப்படியே நின்றான்.

ஷைனி எழவில்லை. கழுத்திலிருந்த கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி, அதன் ஓரத்தால் பாசியைச் சுரண்டினாள். உதடுகள் ஏதோ ஜெபம்போல அசைந்தன.

அடுத்த எழுத்து வந்தது.

‘ரு’.

அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து எட்வர்ட் குனிந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மருமகன்! ப்பா, மருமகன்! தாத்தா ஊட்டோட மாப்ளப்பா!”

எட்வர்ட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். ம. ரு. ம. க. ன்.

அப்படியானால் அந்த வீட்டின் மகள் அவருடைய அம்மா. சாம்சனின் தாத்தா அவருக்குத் தாய்மாமன். சாம்சனின் அப்பா மச்சான். ஷைனி, சாம்சனுக்கு முறைப்பெண்.

விரல்விட்டு எண்ணினார். சந்தேகம் வந்து முதலிலிருந்து மறுபடி எண்ணினார். கணக்கு மாறவில்லை.

பக்கத்துக் கல்லறைமேல் தொப்பென்று உட்கார்ந்த சாம்சன், பதறி எழுந்து உள்ளே இருந்தவரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். அதைப் பார்த்து ஷைனிக்குச் சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

“அம்மாவுக்கு சொல்றேன்” என்று அவன் போனை எடுத்தான்.

“இரு, இரு. நான் சொல்றேன்” என்று எட்வர்ட் வாங்கிக்கொண்டார்.

மணி அடித்தது. சம்பந்தியம்மா என்றுதான் ஆரம்பிப்பார் என்று ஷைனி நினைத்தாள்.

எட்வர்ட் தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, அண்ணன் பேசறேம்மா.”

“எந்த அண்ணன்?” மறுமுனையில் ஹெலன் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

மச்சானின் மனைவி தங்கை முறை. அதைத்தான் அவர் விளக்க நினைத்தார்.

“சொந்தத்துல” என்றார்.

போனை மகளிடம் கொடுத்துவிட்டு, பளிச்சென்று சுத்தமாகிவிட்ட அந்தக் கல்லை மறுபடியும் தேய்க்க உட்கார்ந்தார்.