முந்நூற்று நாற்பது நல்ல படங்கள்

“நல்ல படம்” என்றது கம்ப்யூட்டர்.

டெலிபோன் அண்ணன் விசையை ஒருமுறை தட்டினார். “நல்ல படம்.” இன்னொரு தட்டு. “நல்ல படம்.”

பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த வெப்சைட்டுக்கு வியர்த்தது. அவனுக்கு வேறு பெயர் உண்டு. அலுவலகத்தின் உள் இணையதளத்தைக் கட்டி மேய்க்கிற ஒரே ஆள் என்பதால் எல்லோர் வாயிலும் அவன் வெப்சைட்டுதான்.

பதினொரு மணிக்கு அந்தத் தளத்தின் முகப்பில் ஒரு பச்சை முத்திரை ஏற வேண்டும். பார்வையில்லாதவர்கள் உட்பட எல்லோரும் பயன்படுத்தக்கூடிய தளம் என்பதற்கான முத்திரை. மூன்றாம் மாடியில் மேலாளர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். முத்திரைக்குக் கீழே ‘பயன்படுத்திப் பார்த்து ஒப்புதல் அளித்தவர்’ என்று ஒரு பெயரும் வேண்டுமாம். கட்டடத்திலேயே பார்வையில்லாதவர் கீழ்த்தளத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் அண்ணன் ஒருவர்தான். அதனால்தான் வெப்சைட்டு காலையிலேயே இங்கே வந்து உட்கார்ந்திருந்தான்.

அண்ணன் விசையிலிருந்து விரலை எடுத்தார்.

“ஏன்ப்பா, முந்நூத்தி நாப்பது படத்துல ஒண்ணுகூடவா சுமாரா இல்ல?”

வெப்சைட்டு அசடு வழிந்தான்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அதில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டரின் குரல் அதைத்தான் படித்துச் சொல்லும். ஆனால் தளத்தைச் சோதிக்கிற மென்பொருள், ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்கு வேண்டாத விவகாரம். இவன் ஒரு படத்துக்கு எழுதினான், மிச்சத்துக்கெல்லாம் அதையே ஒட்டினான். நூற்றுக்கு நூறு வந்தது. ஒரு வாரமாக ஆள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான்.

ஆறு வருஷமாக இந்த அண்ணனோடுதான் மதியச் சாப்பாடு. இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. ஒப்புதல் தருவதாகவே சொன்னார். ஒரே ஒரு படத்தை மட்டும் வாயால் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். போன வாரத்து விழாவில் ஏழாவது படம். கீழே அண்ணியின் பெயர் இருக்கிறதே, அது.

அண்ணிக்கும் இதே கட்டடம்தான். இரண்டாம் மாடியில் பழைய கோப்புகளின் அறை. இருபத்தைந்து வருஷ வேலைக்காகப் போன வாரம் மேடையில் கேடயம் கொடுத்தார்கள். எல்லோரும் அரங்கத்துக்குப் போய்விட்டார்கள், அண்ணன் மட்டும் இங்கேயே இருந்தார். நீங்கள் வர வேண்டாம், டெலிபோனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதே அண்ணிதான்.

அன்று சாயங்காலத்திலிருந்து அண்ணி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விழா எப்படி என்று கேட்டால், கூப்பிட்டார்கள், கொடுத்தார்கள், வாங்கினேன், அவ்வளவுதான். ஒரு வாரமாக அண்ணன் என்ன குற்றம் என்றே தெரியாமல் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார். படத்திலாவது ஏதாவது துப்புக் கிடைக்குமா என்று தினமும் கேட்டுப் பார்த்திருக்கிறார். கிடைத்தது ‘நல்ல படம்’.

வெப்சைட்டு நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். படத்தைப் பெரிதாக்கி, முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தான்.

மஞ்சள் புடவை என்றான். மேலாளர் கேமராவைப் பார்த்து இளிக்கிறார் என்றான். அண்ணி கேமராவையும் பார்க்கவில்லை, கேடயத்தையும் பார்க்கவில்லை. வலது கையில் கேடயம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, நல்ல கனம் போல. சிரிப்பை எப்படிச் சொல்வதென்று திணறினான். பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று லீவு விட்டால் பிள்ளைகள் சிரிக்குமே, அந்த மாதிரி என்றான்.

அண்ணன் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இந்த மனிதருக்கா ஆறு வருஷமாக நண்பன் என்று சொல்லிக்கொண்டு அப்படி ஒரு வேலையைச் செய்தோம் என்று வெப்சைட்டு தன்னையே நொந்துகொண்டான்.

தொலைபேசி அடித்தது. கூப்பிடுகிற எண் டெலிபோன் பெட்டியின் சின்னத் திரையில் மின்னியது. அதைப் படித்துச் சொல்ல அந்தப் பெட்டிக்கு வாய் கிடையாது. அண்ணன் எடுத்துக் குரலைக் கேட்ட பிறகுதான் மேலாளர் என்று தெரிந்தது. முத்திரை ஏறியாயிற்றா என்று கேட்டார்.

“இன்னிக்கு ஏறாதுன்னு சொல்லுங்கண்ணே. எல்லாப் படத்துக்கும் எழுதி முடிக்கிறேன், அப்புறம் போடுறேன்.”

அண்ணன் அதைப் பதவிசாகச் சொன்னார். மேலாளர் கத்தியது அறையின் மூலை வரைக்கும் கேட்டது. அவர் கத்தி முடிக்கும்வரை அண்ணன் பொறுமையாக இருந்து, போனை வைத்துவிட்டு, படத்தில் மிச்சத்தையும் சொல்லச் சொன்னார்.

மிச்சம் இருந்தது இடது கைதான்.

“இந்தக் கையில செல்போன்ண்ணே. காதுல வைக்கல. கீழ எல்லாரும் கைதட்டுறாங்க, அவங்க பக்கமா அண்ணி அதை நீட்டிப் பிடிச்சிருக்காங்க.”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அன்னிக்கு விழா நேரத்துல ஒரு போன் வந்துச்சுப்பா. ரெண்டு தடவை ஹலோ சொன்னேன். யாரும் பேசல, ஒரே இரைச்சல். உனக்கெல்லாம் வேற வேலையே இல்லையான்னு திட்டிட்டு வச்சுட்டேன்.”