செருப்பு விளையாட்டு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செங்கலடி ஊர் மண்டபத்தில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். முதன்முதலாகப் பயிலரங்கு நடத்தும் விதுசா கைகளைத் தட்டினாள்.

"எல்லாரும் ஒரு செருப்பக் கழட்டிக் குவியலில போடுங்க! பிறகு ஆளுக்கொண்டு எடுத்து, சொந்தக்காரரத் தேடிக் குடுக்கோணும்!"

மண்டபம் கலகலத்தது. கடைசியில் ஓர் ஆண் செருப்பு மட்டும் மிஞ்சியது. விதுசா அதைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒளிச்சிருக்கிற அண்ணா வெளிய வாங்க! இல்லாட்டிப் பாட்டுப் பாட வைப்பன்!"

சிரிப்புக்கு நடுவே, பயிலரங்குக்கு வந்திருந்த வயதான தெய்வமணி எழுந்தாள். அவளுடைய இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.

"பையில இருந்து நான்தான் எடுத்துப் போட்டன், மகள். என்ர மனிசன்ட. சுனாமி வந்தண்டு கரையில இது ஒண்டுதான் கிடைச்சது. சொந்தக்காரரத் தேடிக் குடுக்கோணும் எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

மண்டபத்தில் இப்போது ஒருவரும் தூங்கவில்லை.