கடைசி வரிசை

"காருல மூணாவது வரிசை சீட் வேண்டாம். பசங்களோட ஐஸ் ஹாக்கி மூட்டை வைக்கப் பின்னாடி இடம் இருந்தா போதும்," என்றாள் கிர்ஸ்டன்.

விற்பனையாளர் நகர்ந்ததும் கணவன் வெண்டல் கேட்டான். "நேத்துவரைக்கும் மூணு வரிசைதான் வேணும்னு குதிச்சியே?"

"பக்கத்து வீட்டு மார்லிஸ் வேலைக்குப் போறாளாம். நம்ம மூணு பசங்களுக்கு மேல இடம் இருந்தா, அவ பையனையும் தினம் ஹாக்கிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி நம்ம தலையில கட்டிடுவா."

"தனியாளா வளர்க்கறா, பாவம்."

கிர்ஸ்டனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இரண்டு வரிசை வண்டியோடுதான் வீடு திரும்பினாள்.

பக்கத்து வாசலில் மூன்று வரிசை வண்டி ஒன்று புதிதாக நின்றது. மார்லிஸ் ஓடிவந்தாள்.

"எனக்கு ஹாக்கி அரங்கத்துலயே வேலை, கிர்ஸ்டன்! அதான் பெரிசா எடுத்தேன். இனி உன் மூணு வாலுங்களையும் நானே கூட்டிட்டுப் போறேன். ஆமா, நீ ஏன் சின்னதா எடுத்தே?"

கிர்ஸ்டன் அவசரமாகப் பின்கதவைத் திறந்து, காலியாகக் கிடந்த இடத்தில் எதையோ தேடினாள்.