இரண்டு பக்கமும் கை நீட்டியவர்

காலை எட்டு மணிக்கே தரகர் பார்ட்லி ஒருவரிடம் கை நீட்டிவிட்டார். எட்டரைக்கு இன்னொருவரிடம்.

இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். அக்டோபர் குதிரைச் சந்தையில் என் டீ வண்டி நிற்கிற இடம் அப்படி. வண்டிக்கு முன்னால் வியாபாரம், பின்னால் ஊர் ரகசியம்.

முதலில் வந்தவர் மலக்கி. முழங்காலில் ஆபரேஷன் ஆகி, ஊன்றுகோலோடு நொண்டி நொண்டி வந்தார். கூடவே அவருடைய சாம்பல் நிறப் பெண்குதிரை. இனி அதைப் பார்த்துக்கொள்ள அவரால் முடியாது, இன்றைக்கே விற்றாக வேண்டும். குதிரைக்குப் பதினாறு வயசு, கிழடு தட்டிவிட்டது. வேறு யாரும் வாங்காவிட்டால், நாலு மணிக்குக் கறிக்கு ஏற்றிப்போகும் லாரிதான். அதை நினைத்தே மனிதர் வெளிறிப் போயிருந்தார்.

பார்ட்லியின் காதில் ஏதோ சொல்லி, மடித்த நோட்டு ஒன்றை அவர் கையில் திணித்தார். விற்கிறவர் தரகருக்குக் கொடுப்பது வழக்கம்தானே என்று நான் கண்டுகொள்ளவில்லை.

அரை மணி கழித்து, கோட்டுக் காலரைக் காதுவரை தூக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் பதுங்கிப் பதுங்கி வந்தார். பார்த்தால், கோல்மன்! மலக்கியின் அண்ணன். அவரும் காதில் ஏதோ சொன்னார், அவரும் நோட்டைத் திணித்தார்.

அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷமாகிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கேட் உள்பக்கம் திறக்க வேண்டுமா, வெளிப்பக்கமா என்பதில் சண்டை. சிரிக்காதீர்கள். அயர்லாந்தில் இதைவிட அற்ப விஷயத்துக்கெல்லாம் பேச்சை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு இந்த ஆள் யாருக்காகப் பேசப் போகிறார்?

"என்ன பார்ட்லி அண்ணே, காலையிலயே ரெட்டை வசூலா?"

"டீயில சக்கரை பத்தலை, நூலா" என்று என் பெயரைச் சொல்லிப் பேச்சை மாற்றினார். எழுபது வயசு முகத்தில் ஒரு சலனம் வேண்டுமே!

பத்து மணிக்கு டப்ளின்காரர் ஒருவர் குதிரையை ஆசையாகத் தடவிக் கொடுத்தார். நல்ல விலையும் சொன்னார். பார்ட்லி அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "பார்க்கத்தான் சாதுங்க. கடிக்கும்!" என்றார்.

வந்தவர் ஓடியே போனார். மலக்கி காதில் விழாதவர்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் குதிரையையே கெடுத்துப் பேசுகிறார்கள், இந்த அப்பாவி மனுஷன் மழை வருமா என்று பார்க்கிறாரே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மூன்றரை ஆனது. லாரிக்காரர் பின்கதவைத் திறந்து, பலகையை இறக்கினார்.

அப்போதுதான் பார்ட்லி கோல்மனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார்.

"விடுய்யா! அந்த ஆளு குதிரை எனக்கு எதுக்கு?"

"சும்மா பாருங்க. பார்க்கறதுக்குக் காசா கேக்கறேன்?"

மலக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பார்ட்லி, அவருகிட்ட சொல்லு. அவருக்குக் குடுக்கறதுக்கு லாரியிலயே ஏத்திடுவேன்."

இரண்டடி தள்ளி நின்ற கோல்மன், "லாரிக்காரனே யோசிப்பான்னு நீ அவருகிட்ட சொல்லு" என்றார்.

"ரெண்டும் கேட்டுச்சு. விலையைச் சொல்லுங்க."

"எழுநூறு யூரோ."

"ஐநூறு. அதுவே பாவம் பார்த்துச் சொல்றேன்."

கோல்மன் இரண்டு தடவை நடையைக் கட்டினார். இரண்டு தடவையும் பார்ட்லி ஓடிப்போய்க் கோட்டைப் பிடித்து இழுத்து வந்தார். "வியாபாரமே வேண்டாம்" என்று மலக்கி லாரி பக்கம் திரும்பினார். பார்ட்லி அவருடைய ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டார்! கூட்டம் கூடிவிட்டது. என் டீயெல்லாம் ஆறிப்போனது.

"பாதிக்குப் பாதி, அறுநூறு! கையைக் குடுங்க ரெண்டு பேரும்!"

எங்கள் சந்தையில் கையோடு கை அடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. பையில் ஒளித்திருந்த இரண்டு கைகளையும் பார்ட்லி வெளியே இழுத்து, பளாரென்று ஒன்றின்மேல் ஒன்றை அடித்தார். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டார்.

அந்த இரண்டு கைகளும் விலகவில்லை.

கோல்மன் தரையைப் பார்த்துக்கொண்டே, "முட்டி எப்படிடா இருக்கு?" என்றார்.

"பரவால்லண்ணே. குளிருக்குத்தான் குடையுது."

"குதிரையை நான் நடத்திக் கூட்டிட்டு வரேன். நீ யாரு வண்டியிலயாவது ஏறி முன்னால போய்க் கேட்டைத் திறந்து வை."

"எந்தப் பக்கமாண்ணே?"

"எந்தப் பக்கமாவது திறந்து தொலைடா!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குதிரை பிழைத்தது, உறவும் பிழைத்தது. ஆனாலும் அந்த இரண்டு நோட்டு விவகாரத்தை என்னால் விழுங்க முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் பார்ட்லியைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லது நடந்துச்சு, சரி. அதுக்காக தம்பிகிட்டயும் வாங்கி, அவருக்குத் தெரியாம அண்ணன்கிட்டயும் வாங்குவீங்களா? இருங்க, இப்பவே போய் ரெண்டு பேர்கிட்டயும் போட்டு உடைக்கிறேன்."

முதல் தடவையாக அந்த முகம் ஆடிப்போனது.

"ஐயோ தாயே, காரியத்தைக் கெடுத்திடாதே!" சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேரும் காசு குடுத்தது ஒரே வேலைக்குத்தான். காதுல சொன்னதும் ஒரே வார்த்தைதான்."

"என்ன வார்த்தை?"

"'நான் வேண்டாம்னுதான் கத்துவேன், பார்ட்லி. நீ என் கையை விட்டுடாதே.'"